ஒட்டுநாடா தந்த ரிச்சர்டு ட்ரூ

பெரும்பொருள்களைக் கண்டறிந்தோரை உலகம் மறப்பதில்லை. நீராவி எந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாட்டையும், மின்விளக்கு என்றதும் எடிசனையும் பள்ளிச் சிறுவரும் சொல்லிவிடுவர். ஆனால் நாள்தோறும் நம் கைபடும் சிறுபொருள்களைத் தந்தவர்களின் பெயரை நம்மில் பலர் அறியோம். அத்தகைய சிறுபொருள்களுள் ஒன்று ஒட்டுநாடா. மக்கள் வழக்கில் செல்லோ டேப் எனப்படும் அந்நாடா இல்லாத கடையும் இல்லை; அலுவலகமும் இல்லை; பள்ளியும் இல்லை. நெமிலிச்சேரி வழியே செல்லும் வெளிவட்டச் சாலையில் இரவு பகலாக ஓடும் சரக்கு வண்டிகளில், அட்டைப்பெட்டிகளின் வாயை மூடிக் காப்பது அதுவே. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைகளில், வண்ணம் படக்கூடாத இடத்தை மறைத்து நிற்பதும் அதன் இனமே. இவ்விரண்டையும் தந்தவர் ஒரே மனிதர். தொழில் நடத்தும் பெரியோரும் தொழில் கற்கும் இளைஞரும் ஒருசேர அறியத்தக்கது அவர் வாழ்க்கை.

பயனற்ற கல்லில் தொடங்கிய நிறுவனம்

ரிச்சர்டு ட்ரூவின் வரலாற்றை அவர் பணியாற்றிய நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. 1902ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டூ ஹார்பர்ஸ் என்னும் ஊரில் ஐவர் கூடி ஒரு சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினர். மின்னசோட்டா மைனிங் அண்டு மேனுஃபேக்சரிங் என்னும் அதன் பெயரில் எம் என்ற முதலெழுத்து மூன்று முறை வருதலின், அது 3எம் என வழங்கலாயிற்று.

குருந்தக் கல்லை வெட்டியெடுத்து விற்பதே அந்நிறுவனத்தின் நோக்கம். இயற்கையில் கிடைக்கும் கனிமங்களுள் வைரத்திற்கு அடுத்த கடினம் உடையது குருந்தம். சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் உகந்தது. கொரண்டம் என்னும் அதன் ஆங்கிலப் பெயரே நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றது என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி. ஆனால் அவர்கள் வெட்டியெடுத்தது குருந்தம் அன்று. உருவில் ஒத்து, உறுதியில் தாழ்ந்த வேறொரு கல் அது என்பது பின்னரே தெரியவந்தது. போட்ட முதல் போயிற்று. வேறு வழியின்றி, கல்லை விலைக்கு வாங்கி உப்புத்தாள் செய்யத் தலைப்பட்டனர். 1905இல் டுலூத் நகருக்கும், 1910இல் செயின்ட் பால் நகருக்கும் நிறுவனம் இடம் மாறியது.

1907இல், இருபது வயது நிரம்பாத வில்லியம் மெக்நைட் என்னும் உழவர் குடி இளைஞர் அங்கு உதவிக் கணக்கராகச் சேர்ந்தார். அவரே பின்னாளில் தலைமைப் பொறுப்பை ஏற்று அந்நிறுவனத்தை உலகறியச் செய்தவர். 1914இல் ஒரு சோதனை நேர்ந்தது. விற்ற உப்புத்தாள்களிலிருந்து மணல் உதிர்ந்து கொட்டுவதாக நாலாபுறமிருந்தும் முறையீடு வந்தது. காரணம் தேடியபோது, ஸ்பெயின் நாட்டிலிருந்து கப்பலில் வந்த மூலப்பொருளின்மேல் உடன்வந்த ஆலிவ் எண்ணெய் கசிந்து ஊறியிருந்தது தெரிந்தது. எண்ணெய் பட்ட மணலில் பசை எங்ஙனம் பிடிக்கும்? வருமுன் அறிய ஆய்வுக்கூடம் வேண்டும் என மெக்நைட் அன்று உணர்ந்தார். 1916இல் ஒரு சிறு சரக்கறையே ஆய்வுக்கூடமாயிற்று. பங்குதாரர்க்கு முதன்முதலாக ஈவுத்தொகை வழங்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே பயன் கண்ட நிறுவனம் அது.

இளமையும் பணியும்

ரிச்சர்டு ட்ரூ 1899ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் செயின்ட் பால் நகரில் பிறந்தார். இளமையில் அவருக்குக் கைகொடுத்தது இசை. பாஞ்சோ என்னும் நரம்புக்கருவியை நடன அரங்குகளில் இசைத்துப் பொருளீட்டினார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தும் படிப்பை நிறைவு செய்யாமலே வெளியேறினார். பின்னர் அஞ்சல் வழியில் எந்திர வரைவியல் பயின்றார். 1920களின் தொடக்கத்தில் 3எம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தார். பட்டம் இல்லை, முன்பழக்கம் இல்லை, கற்க வேண்டும் என்னும் வேட்கை மட்டும் இருந்தது.

அப்போது நிறுவனம், நீரில் நனைத்தும் தேய்க்கத்தக்க புதுவகை உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. தூசி பறக்காமல் தேய்க்க உதவிய அத்தாளை மோட்டார் வண்டிப் பட்டறைகளில் கொடுத்துச் சோதித்துவருவது ட்ரூவின் பணிகளுள் ஒன்று.

பட்டறையில் கண்ட துயரம்

அக்காலத்தில் ஒரே வண்டிக்கு இரு வண்ணம் பூசுவது செல்வர்களின் விருப்பமாக இருந்தது. ஒரு வண்ணம் பூசி, அதனைத் தாளால் மறைத்து, அடுத்த வண்ணம் பூசுவர். மறைக்கும் தாளை ஒட்டப் பசையையோ மருத்துவர் பயன்படுத்தும் பிளாஸ்திரியையோ கையாண்டனர். பணி முடிந்து தாளை உரித்தால் புதிய வண்ணமும் சேர்ந்து உரிந்து வரும். நாள் முழுதும் பட்ட பாடு ஒரு நொடியில் வீணாகும். ஒரு நாள் ட்ரூ பட்டறைக்குச் சென்றபோது, அவ்வாறு வேலை கெட்ட பணியாளர்கள் வாய்விட்டு நொந்துகொண்டிருந்தனர்.

உப்புத்தாளை விற்க வந்தவருக்கு அதில் என்ன வேலை? கேட்டும் கேளாதார்போல் வந்துவிட்டிருக்கலாம். ட்ரூ அவ்வாறு செய்யவில்லை. உறுதியாக ஒட்டவும் வேண்டும், ஊறு செய்யாமல் உரியவும் வேண்டும். அத்தகைய நாடாவைத் தாம் செய்துதருவதாக அப்பணியாளர்களுக்கு வாக்களித்தார். அதனை எவ்வாறு செய்வது என்பது அந்நேரத்தில் அவருக்கே தெரியாது. கொடுத்த சொல்லைக் காப்பதே அவருடைய அடுத்த ஆண்டுகளின் வேலையாயிற்று.

தடையும் விடாமுயற்சியும்

தாவர எண்ணெய்களையும் பிசின்களையும் பலவாறு கலந்து சோதித்தார். ஒன்று இறுகிப்போகும், ஒன்று பிசுபிசுத்து வண்ணத்தில் தங்கும். முடிவில், மரவேலைக்குப் பயன்படும் வச்சிரப் பசையோடு கிளிசரின் சேர்த்தபோது வேண்டிய பதம் கிட்டியது. விலங்குப் பொருளிலிருந்து காய்ச்சப்படும் வச்சிரத்தின் இடத்தைப் பின்னாளில் ரப்பரும் பிசினும் செயற்கைப் பசைகளும் பெற்றுக்கொண்டன.

பசை அமைந்தும் தாள் அமையவில்லை. வழவழப்பான தாளில் பசை பூசிச் சுருட்டினால், சுருளைப் பிரிக்கும்போது தாள் கிழிந்தது. மாதங்கள் கழிந்தன, செலவு பெருகியது. மெக்நைட் அவரை அழைத்து, நாடா வேலையைக் கைவிட்டு உப்புத்தாள் பணிக்குத் திரும்புமாறு ஆணையிட்டார். ட்ரூ திரும்பினார். ஆனால் உள்ளம் திரும்பவில்லை. சுருக்கங்கள் நிறைந்த கிரேப் தாளைப் பயன்படுத்தினால் இழுத்தாலும் கிழியாது, வளைவுகளிலும் படியும் என்னும் எண்ணம் தோன்றியது. மீண்டும் சோதனையில் இறங்கினார். தம் ஆணைக்கு மாறாக அவர் நாடாவில் ஈடுபட்டிருப்பதை மெக்நைட் கண்டார். கண்டும் தடுக்காமல் விட்டார்.

நாடா செய்வதற்குரிய எந்திரம் வாங்கப் பொருள் கேட்டபோது மெக்நைட் இசையவில்லை. ஆய்வாளர் ஒருவர் மேலிடத்தின் ஒப்புதலின்றி 100 டாலர் வரை பொருள் வாங்கலாம் என்பது அங்கு விதி. ட்ரூ, எந்திரத்தின் உறுப்புகளை 99 டாலர் மதிப்புள்ள ஆணைகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக வரவழைத்தார். எந்திரம் ஓடத் தொடங்கியபின் நடந்ததைத் தாமே மெக்நைட்டிடம் வெளியிட்டார்.

இது முறையா என்னும் ஐயம் வாய்மையைப் போற்றும் நமக்கு எழுவது இயல்பு. விதியின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைக் கடந்த செயல் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் தன்னலம் இல்லை; மறைத்தே வைக்கும் எண்ணமும் இல்லை. நாம் பின்பற்ற வேண்டியது அவர் கையாண்ட சூழ்ச்சியை அன்று. சொன்ன சொல்லை முடிக்க அவர் கொண்ட உறுதியை. அதனினும் மேலாகக் கருதத்தக்கது மெக்நைட்டின் செயல். தம் ஆணை மீறப்பட்டது என்று அவர் சினக்கவில்லை. தம் மதிப்பீடு தவறியதை ஏற்றுக்கொண்டார். தகுந்தவர் ஒருவர் தம் பணியில் நம்பிக்கையோடு உழைக்கையில் குறுக்கே நிற்றல் ஆகாது என்பதை நிறுவனத்தின் நெறியாகவே பின்னர் ஆக்கினார். ஆய்வாளர்கள் தம் பணிநேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தாம் விரும்பும் முயற்சிக்குச் செலவிடலாம் என்னும் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற வழக்கம் இவ்வேரிலிருந்து கிளைத்ததே.

1925இல் மறைப்பு நாடா விற்பனைக்கு வந்தது. மாஸ்கிங் டேப் என இன்று பட்டறைகளில் வழங்குவது இதுவே.

ஏளனமே பெயரானது

அந்நாடாவுக்கு அமைந்த ஸ்காட்ச் என்னும் வணிகப்பெயர் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. முதலில் கொடுத்த மாதிரியில் நாடாவின் இரு ஓரங்களில் மட்டுமே பசை பூசப்பட்டிருந்தது. அது நழுவி விழக்கண்ட பணியாளர் ஒருவர், பசையில் கஞ்சத்தனம் செய்த முதலாளிகளை ஸ்காட்லாந்துக்காரர் என்று ஏசினாராம். அந்நாட்டு மக்களைக் கருமிகள் எனக் கேலி செய்வது அக்கால வழக்கு. பொருளைப் போற்றிச் செலவிடும் சமூகத்தார்க்கு இத்தகைய ஏளனம் எந்நாட்டிலும் புதிதன்று. அந்த ஏசுசொல்லையே நிறுவனம் தன் நாடாவுக்குப் பெயராக்கிக்கொண்டது. குறையும் திருத்தப்பட்டது, பசை முழுதும் பூசப்பட்டது.

ஒளி ஊடுருவும் நாடா

1929இல் செயின்ட் பால் நகரின் நிறுவனம் ஒன்று, குளிர்பதனத் தொடர்வண்டிப் பெட்டிகளுக்கான காப்புப் பலகைகளை நீர் புகாதவாறு மூடி ஒட்ட வழி கேட்டு வந்தது. அக்காலத்தில் செல்லோஃபேன் என்னும் கண்ணாடி போன்ற தாள் புதிதாகப் பரவிவந்தது. சுவிட்சர்லாந்து நாட்டவரான பிராண்டன்பெர்கர் கண்ட அத்தாளை, ஈரம் புகாதவாறு டியூபான்ட் நிறுவனம் செம்மை செய்திருந்தது. அதில் பசை பூசினால் என்ன என்று ட்ரூ எண்ணினார்.

எண்ணுவது எளிது, செய்வது அரிதாக இருந்தது. வெப்பம் பட்டால் அத்தாள் சுருண்டது. எந்திரத்தில் ஓட்டினால் பிளந்தது. பசை சீராகப் பரவவில்லை. வீணான தாள்கள் வண்டி வண்டியாக வெளியேறின. தாளின்மேல் முதலில் ஓர் அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் நிறமற்ற பசையைப் பூசும் முறையால் அக்குறை நீங்கியது. அதற்குள் காப்புப் பலகை நிறுவனத்தின் தேவையே நீங்கிவிட்டிருந்தது. எனினும் முயற்சி வீணாகவில்லை. 1930 செப்டம்பர் 8ஆம் நாள் முதல் சுருள் வாடிக்கையாளர் ஒருவர்க்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டது. உடனே சந்தைக்குக் கொண்டுவருக என்பதே அவர்கள் அளித்த மறுமொழியின் சாரம்.

அந்நாடா நீரோ சூடோ வேண்டாமல் விரல் அழுத்தத்தால் மட்டுமே ஒட்டுவது எவ்வாறு? அதன் பசை முழுத் திண்மமும் அன்று. முழு நீர்மமும் அன்று. அழுத்தும்போது நீர்மம்போல் நெகிழ்ந்து பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிகிறது. இழுக்கும்போது திண்மம்போல் எதிர்த்து நிற்கிறது.

வறுமைக் காலத்தின் துணை

நாடா வெளிவந்த காலம் கொடிய காலம். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் வேலை இழந்து வாடினர். புதுப்பொருள் எதுவும் விலைபோகாது என்றே எவரும் நினைப்பர். நிகழ்ந்தது வேறு. புதியது வாங்க வழியற்ற மக்கள் பழையதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தத் தொடங்கினர். கிழிந்த புத்தகத்தை ஒட்டினர். நைந்த திரையை ஒட்டினர். கிழிந்த பணத்தாளையும் ஒட்டினர். பொட்டலம் கட்டுவதற்கென்று செய்யப்பட்ட நாடா, இருப்பதைக் காத்துக்கொள்ளும் கருவியாயிற்று. மிகுபொருள் சேர்க்காமையை அறமாகக் கொண்டோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்: எறிந்துவிட்டுப் புதிது வாங்குக என்று தூண்டி அன்று, உள்ளதைப் பேணுதற்கு உதவியே இப்பொருள் வளர்ந்தது.

1932இல் அந்நிறுவனத்தின் விற்பனை அலுவலரான ஜான் போர்டன், நாடாவின் முனையை எளிதில் எடுக்கவும் வெட்டவும் உதவும் பல்வைத்த தாங்கியை அமைத்தார். அதன்பின் நாடா மேசைதோறும் இடம்பெற்றது. கல்லை நம்பி ஏமாந்த நிறுவனம் 1946இல் நியூயார்க் பங்குச்சந்தையில் இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தது. 1987இல் பெங்களூரில் அதன் இந்தியக் கிளை நிறுவனம் தோன்றியது.

ஆளை வளர்த்த ஆசான்

ட்ரூ தம் வெற்றியோடு அமைந்துவிடவில்லை. 1940களில் புதியன ஆய்தற்கென்றே ஒரு தனிக் கூடத்தை நிறுவனத்தில் அமைத்து நடத்தினார். பிற துறைகளில் ஒத்துப்போகாதவர் என ஒதுக்கப்பட்டோரையும் விரும்பி ஏற்று, அவர்களிடம் மறைந்திருந்த திறத்தை வெளிக்கொணர்ந்தார் என்பர். தோலில் காற்றுப்படவிட்டு ஒட்டும் மருத்துவ நாடா அக்கூடத்தின் வழி வந்த நற்பயன்களுள் ஒன்று. இன்று மருத்துவமனைகளில் ஊசிக்குழலைக் கையில் நிலைநிறுத்தும் வெண்ணிற நாடா அவ்வகையினது.

தம் பெயரில் 30 காப்புரிமைகள் பெற்ற ட்ரூ 1962இல் ஓய்வு பெற்றார். 1980 டிசம்பர் 14ஆம் நாள், கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் தம் 81ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் நாடா புதுமை செய்தது. 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக அறிஞர் இருவர், பென்சில் கரியின் இனமான கிராஃபைட்டின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஓரணுத் தடிப்பே உள்ள கிராஃபீன் என்னும் படலத்தைப் பிரித்தெடுத்தனர். அவர்களுக்கு 2010இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2007இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அவையத்தில் ட்ரூவின் பெயர் சேர்க்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

ஆசிரியப் பணியில் இருந்தபோது, தேர்வில் பின்தங்கிய மாணவர் சிலர் பட்டறைகளிலும் கடைகளிலும் சேர்ந்து சிறந்து விளங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவர்க்கும் பின்னால், அவர்கள் செய்த முதல் பிழையைப் பொறுத்துக்கொண்ட முதலாளி ஒருவர் இருந்தார். படிப்பை முடிக்காத ட்ரூவுக்கு ஒரு மெக்நைட் வாய்த்தார். மெக்நைட் அன்று தம் ஆணையே பெரிதெனக் கொண்டு அவரை வெளியேற்றியிருந்தால், இழப்பு ட்ரூவுக்கு மட்டும் உரியதாக இருந்திராது.

நம் சமூகத்தில் தந்தை தொடங்கிய தொழிலை மகனும் மகளும் ஏற்கும் காலம் இது. இளையோர் புதுவழி ஒன்றைச் சொல்லும்போது, முன்பு செய்ததில்லை என்பதற்காகவே அதனை மறுத்துவிடாதிருப்போம். இளையோரும், பிறர் துயர் கண்ட இடத்தில் அது தம் வேலை அன்று என ஒதுங்காமல், கொடுத்த சொல்லை முடிக்கும்வரை உழைக்கக் கற்பாராக. பெரியோரின் பொறையும் இளையோரின் முயற்சியும் ஒட்டி நிற்கும் இடத்தில் தொழிலும் வளரும், குடும்பமும் தழைக்கும்.