சுவரோரத்தில் எழுந்த கேள்வி

ஆற்றில் மிதக்கும் இலை நடுவே விரைந்து செல்லும். கரையோரத்தில் மெதுவாக நகரும். அப்படியானால், கரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் நகர்கிறதா, நிற்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடிய அறிஞர்களுள் ஒருவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

ஸ்டோக்ஸ் 1819ஆம் ஆண்டு அயர்லாந்தில் உள்ள ஸ்கிரீன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினைந்து வயதில் தந்தையை இழந்தபோதும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1841இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1849 முதல் இறக்கும்வரை, முன்னர் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியை அவரும் அங்கு வகித்தார்.

நீர், காற்று, எண்ணெய் போன்று பாய்ந்தோடும் பொருள்களைப் பாய்மங்கள் என்பர். அவற்றின் இயக்கத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளை ஸ்டோக்ஸ் 1845இல் வெளியிட்டார். ஆனால், சமன்பாடுகள் மட்டும் போதா. பாய்மம் சுவரைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கூற வேண்டும். இதுவே 'எல்லை நிபந்தனை' எனப்படும்.

சுவரைத் தொடும் நீர் நகராது என்று கொண்டு, குழாய்களில் ஓடும் நீரின் அளவை ஸ்டோக்ஸ் கணக்கிட்டார். அது பிறர் செய்த சோதனைகளின் முடிவுகளோடு ஒத்துப்போகவில்லை. அவர் இதை மறைக்காமல் தம் கட்டுரையிலேயே எழுதினார். அச்சோதனைகளில் நீர் சீராக ஓடாமல் சுழித்து ஓடியதே முரண்பாட்டிற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

ஸ்டோக்ஸ் முயற்சியைக் கைவிடவில்லை. காற்றில் ஆடும் ஊசலை ஆராய்ந்தார். ஊசலைத் தொடும் காற்று அதனோடு ஒட்டியே நகரும் என்று கொண்டு கணக்கிட்டார். இம்முறை விடை சோதனைகளோடு நன்கு பொருந்தியது. அந்த ஆய்வு 1851இல் வெளிவந்தது.

இன்று விமானம், கப்பல், குழாய் ஆகியவற்றை வடிவமைப்போர் இந்த நிபந்தனையைப் பயன்படுத்துகின்றனர். எனினும், பற்பசை, தக்காளி சாஸ் போன்றவை நியூட்டனின் விதிக்கு அடங்காத பாய்மங்கள். அழுத்தும்போதும் குலுக்கும்போதும் அவற்றின் கெட்டித்தன்மை மாறும். அவற்றுள் சில, சுவரில் ஒட்டாமல் வழுக்கியும் செல்லும். ஆகவே, ஸ்டோக்ஸ் எழுப்பிய அதே கேள்வியை ஆய்வாளர்கள் இன்றும் எழுப்புகின்றனர்.

ஸ்டோக்ஸ் 1903இல் காலமானார். தம் கணக்கு பொருந்தாதபோது அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட அவருடைய நேர்மையே, அவரைச் சரியான விடைக்கு அழைத்துச் சென்றது.