யாழைக் கணக்கில் தேடியவர்

வவுனியா பண்டாரிக்குளத்தில் விபுலாநந்தாக் கல்லூரி இருக்கிறது. கிழக்கில் பிறந்த ஒரு துறவியின் பெயர் அது. வன்னிப் பிள்ளைகளுக்கு அவர் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் வரும் காவியுடுத்த அறிஞர். அந்த அறிஞர் முதலில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர் என்பதும், அந்தப் படிப்பைக் கொண்டே தமிழரின் தொலைந்துபோன யாழைத் தேடிப் போனார் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அவரை இப்போது நினைப்பதற்குக் காரணம் உண்டு. கருவிலிருக்கும் குழந்தைக்கு மொசார்ட் இசையையோ வீணை இசையையோ கேட்கவிட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறக்கும் என்று யூரியூப் காணொளிகள் சொல்கின்றன. இடப்பெயர்விலும் முகாமிலும் பிள்ளைகளின் படிப்புக் குலைந்துபோன மண்ணில் பெற்றோர் இதை நம்ப விரும்புவதைப் பிழை சொல்ல முடியாது. செலவும் இல்லை.

இந்தக் கதை 1993 இல் தொடங்கியது. அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. 10 நிமிடம் மொசார்ட் கேட்டவர்கள், தாளை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற புதிர்களைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணித்தியாலம் நின்றது. அவ்வளவுதான். அதில் குழந்தைகள் எவரும் இருக்கவில்லை. ஆனாலும் 1998 இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டுக் கொடுக்க அரச பணம் கேட்டார்! பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கரைந்து போனது. விருப்பமான கதையொன்றைக் கேட்டவர்களுக்கும் அதே சிறு உற்சாகம் வந்தது.

இசையைக் கேட்பது வேறு, பழகுவது வேறு. விபுலாநந்தரின் வாழ்க்கை இந்த இரண்டாவது பக்கத்தில் நிற்கிறது.

1892 இல் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மையார் தம்பதிக்கு மயில்வாகனனாகப் பிறந்தார். மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்து 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞான டிப்ளோமாவும் முடித்து, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் கிடைத்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், 1922 இல் எல்லாவற்றையும் விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். ஊர் திரும்பி மிஷன் பாடசாலைகளைக் கவனித்தார். 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

இந்தப் பதவிகளுக்கு நடுவே ஏறத்தாழ 14 ஆண்டுகள் யாழ் அவரை விடவில்லை. தொடக்கம் சிலப்பதிகாரம். மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் காதையில் யாழாசிரியனின் திறமையைக் கூறும் 25 அடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு விளக்கம் எழுதப் புகுந்ததே ஒரு பெரிய நூலாக விரிந்தது.

அவருக்குக் கேட்பதற்கு யாழ் இசை இருக்கவில்லை. அந்தக் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கையில் இருந்தவை செய்யுளும் பழைய உரைகளும் பௌதிகமும். ஒரு நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ச போய் ப வரும். அந்த ப இலிருந்து மறுபடி மூன்றில் இரண்டு, அதிலிருந்து மறுபடி என்று போனால் 12 தானங்கள் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டாவது படியில் தொடங்கிய சுரத்துக்குச் சரியாக வந்து சேராது, மயிரிழை மிஞ்சும். இந்த மிச்சத்தோடு கிரேக்கர் முதல் எல்லா நாட்டவரும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். விபுலாநந்தர் பின்ன எண்களைப் பெருக்கியும் வகுத்தும், பழைய உரைகாரர் சொன்ன 22 அலகுகளோடு ஒப்பிட்டும், வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் என்று ஒவ்வொன்றின் நரம்புகளையும் வகுத்தார். 103 பண்களையும் ஆராய்ந்தார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் எல்லா அறிஞரும் ஏற்கிறார்கள் என்றில்லை. மறுக்கிறவரும் அவரைப்போலவே கணக்குப் போட்டுத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

இசை அவரைக் கெட்டிக்காரனாக்கியதா, கெட்டிக்காரனாக இருந்ததால் இசைக்குள் போனாரா? ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து இதைத் தீர்க்க முடியாது. 2004 இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில் 144 ஆறு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஓராண்டு கீபோட் அல்லது பாட்டுப் பழகியவர்களின் நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான். பரீட்சைக்கு உதவாது என்று பிள்ளையைச் சங்கீத வகுப்பிலிருந்து மறித்து ரியூசனுக்கு அனுப்புகிற பெற்றோர், அந்தக் கொஞ்சத்தையாவது கணக்கில் எடுக்கலாம்.

விபுலாநந்தர் நூலில் தேடிய சிலம்பின் கதை வன்னிக்குப் புதியதல்ல. வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் நடக்கிறது. முல்லைத்தீவுக்கு முல்லைமோடி என்று தனியான கோவலன் கூத்து இருக்கிறது. அண்ணாவியாருக்கு முன்னால் இரவிரவாக நின்று, பாட்டை மனதில் ஏற்றி, தாளம் பிசகாமல் ஆடுவதை எங்கள் சனம் கூத்துப் பார்ப்பது என்று சொல்வதில்லை. கூத்துப் பழகுவது என்றுதான் சொல்கிறது. போரில் மத்தளமும் சுருதிப்பெட்டியும் விட்டுவந்த ஊர்களில் இது எவ்வளவு அறுந்துபோனது என்பதை அந்த ஊரவரே அறிவார்கள்.

‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. உடல் நலிந்திருந்த விபுலாநந்தர் அதைக் கேட்டார். ஆறு கிழமைகள் கழித்து, ஜூலை 19 இல், காலமானார். சமாதி கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது.

கல்லடியிலேயே அவர் பெயரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியல் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. உயர்தரம் முடித்த வன்னிப் பிள்ளைகளும் சங்கீதம் படிக்க அங்கே விண்ணப்பிக்கலாம். பரீட்சைப் பெறுபேறு மட்டும் காணாது. செய்முறைத் தேர்வு உண்டு. பாடிக் காட்ட வேண்டும்.