காபோவைதரேற்றின் பாதையைக் கண்டறிந்த கேர்ட்டி கோரி (1896 – 1957)

மாணவர்களே, நீங்கள் 100 மீற்றர் ஓட்டத்தில் வேகமாக ஓடும்போது தசைகளுக்குப் போதியளவு ஒட்சிசன் கிடைப்பதில்லை. அவ்வேளையில் தசையிலுள்ள குளுக்கோசு இலக்டிக் அமிலமாக மாறுகிறது எனக் கற்றிருப்பீர்கள். அந்த அமிலம் பின்னர் என்னவாகிறது? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவரே கேர்ட்டி கோரி.

இவர் 1896 ஆகஸ்ட் 15 இல் பிராக் நகரில் பிறந்தார். தந்தையார் சீனி ஆலைகளை நிர்வகித்த இரசாயனவியலாளர். கேர்ட்டி பிராக்கில் மருத்துவம் கற்று 1920 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சக மாணவரான கார்ள் கோரியை மணந்தார். 1922 இல் இருவரும் ஐக்கிய அமெரிக்காவிற்குச் சென்று, உடலில் காபோவைதரேற்று அடையும் மாற்றங்களை ஆராயத் தொடங்கினர்.

தசையில் உண்டாகும் இலக்டிக் அமிலம் குருதி வழியே ஈரலை அடைகிறது. அங்கு அது மீண்டும் குளுக்கோசாக மாற்றப்பட்டுத் தசைக்குத் திரும்புகிறது. 1929 இல் இவர்கள் விளக்கிய இச்செயன்முறையே ‘கோரி வட்டம்’ ஆகும்.

1931 இல் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணவர் பேராசிரியரானார். அவருக்கு நிகராக ஆய்வு செய்த கேர்ட்டிக்கோ மிகக் குறைந்த சம்பளத்தில் ஆய்வாளர் பதவியே கிடைத்தது. எனினும் அவர் தளரவில்லை. 1936 இல் கிளைக்கோசன் உடையும்போது முதலில் தோன்றும் குளுக்கோசு-1-பொசுபேற்றை இருவரும் இனங்கண்டனர். பதினாறு ஆண்டுகளின் பின்னர், 1947 இல்தான் கேர்ட்டி பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே கணவருடனும் ஆர்ஜென்டீனாவின் பேர்னாடோ ஊசேயுடனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் இவரே.

அதே 1947 இல் அவருக்கு என்பு மச்சையைப் பாதிக்கும் கொடிய நோய் இருப்பது தெரியவந்தது. ஆயினும் ஆய்வுகூடத்தை அவர் விட்டு விலகவில்லை. சில பிள்ளைகளின் ஈரல் கிளைக்கோசன் நிறைந்து பருத்திருக்கும். ஆனால் குருதியில் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குக் குறையும். இப்பிள்ளைகளின் ஈரலில், குளுக்கோசை விடுவிக்கும் நொதியம் இல்லை என 1952 இல் இருவரும் காட்டினர். ஈரல் நொதியமொன்றின் குறைபாடே பரம்பரை நோயொன்றிற்குக் காரணம் என்பது இதன்மூலம் முதன்முதலாக நிறுவப்பட்டது.

1957 ஒக்டோபர் 26 இல் கேர்ட்டி காலமானார். உடலில் ஒரு பதார்த்தம் செல்லும் பாதையைப் படிப்படியாக அறிந்தால், அப்பாதை தடைப்படும் இடத்தில் நோயின் காரணத்தையும் காணலாம் என்பதே அவரது ஆய்வு நமக்குத் தரும் பாடமாகும்.

விடை எழுதுக
1. கோரி வட்டத்தில் ஈரலின் பங்கு யாது?
2. ஈரலில் கிளைக்கோசன் நிறைந்திருந்தும் குருதியில் குளுக்கோசு குறைவது ஏன்?