பக்தி கட்டிய பாலம்



தி.நகரிலிருந்து கிண்டிப் பக்கம் போகிறவர்கள் சைதாப்பேட்டையில் அடையாறு ஆற்றைத் தாண்டித்தான் போகணும். இப்போது அங்கே இருப்பது மறைமலை அடிகள் பாலம். அந்த இடத்தில் முதன்முதலில் பாலம் கட்டியவர் யார் தெரியுமா? ஒரு வியாபாரி! சொந்தப் பணத்தில் கட்டினார்.

அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பாரசீக நாட்டு ஜூல்ஃபாவிலிருந்து வந்த ஆர்மீனியக் கிறிஸ்தவர். மணிலா வரைக்கும் வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்து, 1720-களில் சென்னையில் குடியேறினார். இயேசுவின் சீடரான புனித தோமையார் மேல் அவருக்கு அளவில்லாத பக்தி. தோமையார் உயிர்விட்ட இடம் என்று நம்பப்படுவது பரங்கிமலை. அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் இடம் நம் மயிலாப்பூர் சாந்தோம்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் மலைக்குப் போகும் யாத்ரீகர்கள் தவித்துப் போவார்களாம். உஸ்கான் 1726-ல் பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன்! பழுது பார்க்கத் தனியாகவும் பணம் வைத்தார். அதோடு விட்டாரா? மலையேறுகிறவர்கள் கஷ்டப்படக் கூடாதென்று நூற்றுக்கும் மேற்பட்ட கல் படிகளும் கட்டினார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறினவர்களுக்குத்தான் படியின் அருமை தெரியும்.

அப்படிப்பட்டவருக்கும் சோதனை வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். அவர்கள் பக்கம் சேர்ந்தால் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் சேரவில்லை. 1751-ல் காலமானார். உடலை வேப்பேரியில், தாம் கட்டிய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி ஜூல்ஃபாவுக்குக் கொண்டு போனார்களாம். படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் இவர் கதை என்னைப் பிடித்து உலுக்கியது. அவர் கும்பிட்டது தன் சாமியை. ஆனால் பாலத்தில் போனவர்கள் எல்லாச் சாதி, எல்லா மதத்துக்காரர்களும். மோர்க்காரி போயிருப்பாள், மாட்டு வண்டி போயிருக்கும், பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண்ணும் போயிருப்பாள். அவர் யாருக்கும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆற்றைத் தாண்டின ஒவ்வொருவரும் அவருடைய பக்தியைப் புரிந்துகொண்டிருப்பார்கள். 1960-களில் புதுப் பாலம் வரும்வரை ஊர் அதை மார்மலாங் பாலம் என்றே சொன்னது.

எங்கள் வீட்டிலும் ஒரு வேண்டுதல் பணம் மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக வைத்தது. வெள்ளியில் கண்மலர் சாத்தணும் என்பது அவர் ஆசை. எங்கள் தெருக் கோடியில் சின்னப் பிள்ளையார் கோயில். படி செங்குத்து, பிடித்து ஏறக் கம்பி இல்லை. வயதானவர்கள் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உஸ்கான் கதையை மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கண்மலர் சின்னதாகப் போதும், மீதியில் கைப்பிடிக் கம்பி போடு என்று அவரே சொல்லிவிட்டார்!

உங்கள் வீட்டு வேண்டுதலிலும் நாலு பேர் நடக்க ஒரு வழி பிறக்கட்டுமே தோழிகளே!

- ஒரு இல்லத்தரசி, தி.நகர்.