கரும்பலகை கேட்ட இயக்குநர்

காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். கல்வித்துறையில் படிப்படியாக உயர்ந்து, காமராசர் முதலமைச்சரான 1954இல் பொதுக்கல்வி இயக்குநர் ஆனார்.

கிராமத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பசித்த வயிற்றோடும் வெறுந்தரையிலும் இருக்கும் பிள்ளைக்கு எப்படி ஏறும் என்பதே இப்பெருந்தகையின் கவலை. காமராசரின் எண்ணப்படி 1956இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, ஊர்மக்களின் கொடையைக் கொண்டே அடுப்பு மூட்டச் செய்தார். அரசு மானியம் பிறகு வந்தது.

அடுத்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் கூடியது. பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று முதலில் பட்டியல் எழுதுவார்கள். பின்னர் ஒருவர் கரும்பலகை, ஒருவர் பெஞ்சு, ஒருவர் சுவர்க் கடிகாரம், வசதி படைத்தவர் கட்டடத்திற்கு நிலம் என்று ஏற்றுக்கொள்வார்கள். மாநாடுகள் மாவட்டந்தோறும் பரவின. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் பள்ளிகளுக்குச் சேர்ந்தன. ஓர் உயர் அதிகாரி ஊர் ஊராகச் சென்று, பள்ளிக்காகக் கை நீட்டியது சிறிய செய்தியா, நண்பர்களே?

ஆயினும் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கொடுக்கும் கை உள்ள ஊருக்கு நிறையக் கிடைத்திருக்கும். வானம் பார்த்த பூமியில் யார் கொடுப்பார்? பெஞ்சை ஊர் வாங்கித் தரலாம். அறிவியல் ஆசிரியரையும் ஆய்வுக்கூடத்தையும் அரசுதானே தரவேண்டும்? பத்தாம் வகுப்பு வரை நான் படித்த ஊர்ப்புற உயர்நிலைப் பள்ளியில் நுண்ணோக்கியைப் படமாக வரைந்தே மதிப்பெண் வாங்கினோம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்துணவு கிடைத்ததுகூட 1984இல்தான்.

இந்தக் குறைகளை அவர்மேல் ஏற்றுவது நியாயமாகாது. முதலில் பிள்ளைகள் பள்ளிக்குள் வரவேண்டியிருந்தது, வரவழைத்தார். 1961இல் பத்மசிறீ விருது பெற்றார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். மதிய உணவு தொடங்கிய பின் முதல் வகுப்பில் சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கு வந்து நின்ற காலமும் அதுவே.

தம் வாழ்வை 'நினைவு அலைகள்' என்ற பெயரில் எழுதி வைத்துவிட்டு, 1993இல் மறைந்தார்.