யொரூபா மொழியில் வேதாகமம் தந்த முதல் ஆப்பிரிக்க பிஷப்: சாமுவேல் அஜாயி கிரௌதர்

இன்றைய நைஜீரியாவின் ஓயோ மாநிலத்தில் அமைந்திருந்த ஓசோகுன் என்ற ஊரை 1821-ஆம் ஆண்டு அடிமை வேட்டையாளர்கள் சூறையாடினர். பிடிபட்டவர்களில் அஜாயி என்ற சிறுவனும் ஒருவன். வயது ஏறத்தாழ 12. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஒருமுறை குதிரைக்கு ஈடாகவும் கைமாற்றப்பட்ட அவன், இறுதியில் போர்த்துகீசிய அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை அக்கப்பலை மடக்கி, அதிலிருந்தவர்களை சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கரையேற்றியது.

அங்கு மிஷனரிகளின் பள்ளியில் பயின்ற அஜாயி, 1825-இல் ஞானஸ்நானம் பெற்று சாமுவேல் கிரௌதர் ஆனார். 1827-இல் தொடங்கப்பட்ட ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர். அவர் மணந்த அசானோவும் அடிமைக் கப்பலில் இருந்து மீட்கப்பட்டவரே.

1841-இல் நைஜர் ஆற்றுக்குச் சென்ற பிரிட்டிஷ் பயணக்குழுவில் கிரௌதர் இடம்பெற்றார். காய்ச்சலுக்கு ஐரோப்பியர் பலர் பலியாயினர். ஆப்பிரிக்காவில் திருப்பணியை ஆப்பிரிக்கர்களே ஏற்க வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. 1843-இல் லண்டனில் அவர் குருப்பட்டம் பெற்றார். அவருடைய யொரூபா சொற்தொகுதியும் அதே ஆண்டில் வெளிவந்தது.

அவருடைய வாழ்நாள் பணி மொழியே எனலாம். யொரூபாவில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும். ஒரே எழுத்துக்கூட்டல் கணவனையும் மண்வெட்டியையும் ஓடத்தையும் குறிக்கக்கூடும். இத்தகைய மொழியை ரோமன் எழுத்தில் பிழையின்றிப் பதிப்பது எளிதன்று. முதியோரின் பேச்சிலிருந்து சொற்களையும் பழமொழிகளையும் அவர் திரட்டினார். இறைவனுக்கு ஓலோருன் என்ற யொரூபாப் பெயரையே வைத்தார். குருவைக் குறிக்க அங்குள்ள முஸ்லிம்கள் வழங்கிய அல்ஃபா என்ற சொல்லை ஏற்றார். ஆனால், யொரூபா சமயத்தில் தெய்வங்களின் தூதராகக் கருதப்படும் ஏஷுவின் பெயரைச் சாத்தானுக்குச் சூட்டியது இன்றளவும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிறது. அவ்விமர்சனத்தை எளிதில் ஒதுக்க இயலாது. ஒரு மக்களின் தெய்வமே அவர்கள் மொழியில் தீமையின் பெயராகிவிட்டது. பலர் துணையுடன் அவர் முன்னெடுத்த முழு வேதாகம மொழிபெயர்ப்பு 1880-களில் நிறைவுற்றது.

1846-இல் அபியோகுடா நகரில், 25 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாய் அஃபாலாவை அவர் மீண்டும் கண்டார். இரண்டு ஆண்டுகளில் தாய்க்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. வேதாகமத்தில் சாமுவேலின் தாய்க்குரிய அன்னாள் என்ற பெயரே அவருக்கும் சூட்டப்பட்டது.

1864 ஜூன் 29-இல் கேன்டர்பரி தேவாலயத்தில் கிரௌதர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் ஆப்பிரிக்கர் அவரே. (அச்சபையின் முதல் இந்திய பிஷப்பாக நெல்லைச் சீமையின் வி.எஸ். அசரியா பொறுப்பேற்க மேலும் 48 ஆண்டுகள் ஆயின.) சபைகள் தம்மைத் தாமே நடத்த வேண்டும் என்று கருதிய மிஷன் செயலர் ஹென்றி வென், இந்நியமனத்துக்குப் பின்னின்றார். அபியோகுடாவில் பணியாற்றிய ஹென்றி டவுன்சென்ட் உள்ளிட்ட வெள்ளையர்களோ, ஆப்பிரிக்கர் ஒருவரின் கீழ் இயங்க உடன்படவில்லை. எனவே, சொந்த யொரூபா மண்ணில் இருந்த மிஷன் அவர் அதிகாரத்துக்கு வெளியிலேயே நின்றது. நைஜர் பகுதியில் முற்றிலும் ஆப்பிரிக்க ஊழியர்களைக் கொண்டே அவர் பணியை நடத்தினார்.

1873-இல் வென் மறைந்தபின் நிலைமை மாறியது. பின்னாளில் வந்த இளம் ஐரோப்பிய மிஷனரிகள், கிரௌதரின் ஊழியர்கள் மீது ஒழுக்கக்கேட்டுப் புகார்களை அடுக்கினர். குறைகள் அறவே இல்லை என்று கூற முடியாது. ஆனால் தண்டனை ஒட்டுமொத்தமாக விழுந்தது. 1890-இல் ஒனிட்சாவில் கூடிய குழு அவரைக் கலந்தாலோசிக்காமலேயே பலரை நீக்க முற்பட்டது. முதிய பிஷப் அக்குழுவில் இருந்து விலகினார். 1891 டிசம்பர் 31-இல் லாகோஸில் அவர் காலமானார்.

அவரது இடத்துக்கு ஐரோப்பியர் ஒருவரே நியமிக்கப்பட்டார். நைஜர் டெல்டா சபைகள் அவருடைய மகன் டான்டிசனின் தலைமையில் தன்னாட்சி கோரின. மகள் வயிற்றுப் பேரன் ஹெர்பர்ட் மெக்காலே, பிற்காலத்தில் நைஜீரிய தேசிய இயக்கத்தின் முன்னோடியானார். கிரௌதருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகத் திருச்சபையின் சார்பில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2014-இல் மன்னிப்புக் கோரினார்.