ஊர் ஊராகப் போன பள்ளிக்கூடம்

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்துக்கு நாம்தான் போவோம். பள்ளிக்கூடம் நம் வீட்டு வாசலுக்கு வருமா? அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு அப்படி ஒரு பள்ளிக்கூடம் வந்தது! அதற்குச் சக்கரங்கள் இருந்தன. அதில் பாடம் கேட்டவர்கள் வயலில் வேலை செய்த அப்பாக்கள், அம்மாக்கள், தாத்தாக்கள், பாட்டிகள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திட்டம் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவருடைய கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

செடிகளுக்கு ஒரு டாக்டர்

ஜார்ஜ் 1864ஆம் ஆண்டு வாக்கில் மிசூரி மாநிலத்தில் பிறந்தான். சரியான தேதி யாருக்கும் தெரியாது. ஏன் தெரியுமா? அவனுடைய அம்மா மேரி ஓர் அடிமை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஆடு மாடு போல விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். அடிமைக்குப் பிறந்த குழந்தையின் பிறந்த நாளை யார் எழுதி வைப்பார்கள்?

ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அம்மாவையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பண்ணைக்காரர் மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை கிடைத்தது. அம்மா கிடைக்கவே இல்லை.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. மோசஸும் அவருடைய மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜார்ஜுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். வயல் வேலை செய்ய அவனுக்குத் தெம்பு இல்லை. அதனால் சூசனிடம் சமையலும் தையலும் கற்றுக்கொண்டான். மற்ற நேரம் எல்லாம் காட்டில்தான்! எந்தச் செடிக்கு நிழல் பிடிக்கும், எந்தச் செடிக்கு வெயில் பிடிக்கும், எந்த மண்ணில் எது வளரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுச் செடியாவது வாடினால் அவனிடம் கேட்பார்கள். அவனுக்குச் செடி டாக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

படிக்க எங்கே போவது?

ஜார்ஜுக்குப் படிக்க ரொம்ப ஆசை. ஆனால் பக்கத்துப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி பல மைல் தள்ளி, நியோஷோ என்ற ஊரில் இருந்தது. ஏறக்குறைய 12 வயதில் அவன் தனியாக அந்த ஊருக்குப் போனான். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற அம்மா அவனுக்குத் தங்க இடம் கொடுத்தார். பள்ளி நேரம் போக, அவருக்கு வீட்டு வேலையிலும் துணி துவைப்பதிலும் அவன் உதவினான். படித்ததை எல்லாம் நம் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மரியா அவனிடம் சொன்னாராம். அதை அவன் மறக்கவே இல்லை.

பிறகு ஊர் ஊராகப் போய்ப் படித்தான். சமைத்தான், துணி துவைத்தான், இஸ்திரி போட்டான். அந்தக் காசில் புத்தகம் வாங்கினான். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி அவனுக்கு இடம் தருவதாகக் கடிதம் எழுதியது. ஆசையோடு போனான். அவன் கறுப்பினத்தவன் என்று நேரில் பார்த்ததும், இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மனம் உடைந்தாலும் படிப்பை அவர் விடவில்லை. 1890இல் ஐயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் ஓவியமும் பியானோவும் படித்தார். அவர் வரைந்த செடிகளையும் பூக்களையும் ஓவிய ஆசிரியை கவனித்தார். தாவரவியல் படிக்கச் சொல்லி, ஏம்ஸ் நகரில் இருந்த விவசாயக் கல்லூரிக்கு அவரை அனுப்பிவைத்தார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் கார்வர்தான். 1894இல் இளங்கலைப் பட்டம், 1896இல் முதுகலைப் பட்டம். அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. நல்ல ஆய்வுக்கூடம், நல்ல தோட்டம். வேறு என்ன வேண்டும்?

அப்போதுதான் அலபாமா மாநிலத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புக்கர் டி. வாஷிங்டன் என்பவர் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின மாணவர்களுக்காக ஒரு கல்வி நிலையம் நடத்தி வந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். அங்கே விவசாயம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார். கார்வர் யோசித்தார். வசதியான வேலையை விட்டுவிட்டு 1896இல் டஸ்கீகிக்குப் போனார்.

களைத்துப்போன மண்

டஸ்கீகியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பருத்தி. சில குடிசைகளில் வாசல்வரை பருத்திதான். காய்கறித் தோட்டத்துக்குக்கூட இடம் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரே நிலத்தில் ஒரே பயிர். பருத்தி மண்ணில் இருந்த சத்தை எடுத்துக்கொண்டே இருந்தது. யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மண் களைத்துப்போனது, விளைச்சல் குறைந்தது.

விவசாயிகள் வேறு பயிர் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அது அவ்வளவு சுலபம் இல்லை. பலருக்குச் சொந்த நிலம் இல்லை. அடுத்தவர் நிலத்தில் உழைத்து, விளைந்ததில் ஒரு பங்கை நிலத்துக்காரருக்குக் கொடுத்தார்கள். விதைக்கும் கடன், சாப்பாட்டுக்கும் கடன். பருத்தியை உடனே விற்றுக் காசாக்கலாம். அதனால் நிலத்துக்காரரும் கடன் கொடுத்த கடைக்காரரும் பருத்திதான் போடச் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களின் சாப்பாடு என்ன? கொழுப்பு இறைச்சி, சோள மாவு, வெல்லப்பாகு. தினமும் இதேதான். சத்து இல்லாமல் பலர் நோயில் விழுந்தார்கள்.

மண் களைத்தது, மனிதர்களும் களைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டா என்று கார்வர் தேடினார். விலை உயர்ந்த உரத்தை வாங்கச் சொல்வதில் பயன் இல்லை. கையில் காசே இல்லையே! காசு இல்லாமல் என்ன செய்யலாம்? அதுதான் அவருடைய கேள்வி.

டஸ்கீகியில் அவருக்குச் சத்தில்லாத ஒரு நிலம் கிடைத்தது. அதையே சோதனை வயல் ஆக்கினார். காட்டில் விழுந்த இலை, சதுப்பு நிலத்துச் சேறு, மாட்டுச் சாணம், சமையலறைக் கழிவு எல்லாவற்றையும் சேர்த்து மக்க வைத்தார். அதை மண்ணில் போட்டார். பருத்தி விளைந்த இடத்தில் அடுத்த முறை தட்டைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றை விதைத்தார். இப்படிப் பயிரை மாற்றி மாற்றிப் போடுவதற்குப் பயிர் சுழற்சி என்று பெயர்.

நிலக்கடலையை நம்மில் சிலர் வேர்க்கடலை என்போம், சிலர் கச்சான் என்போம். அதன் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. அறுவடைக்குப் பிறகு வேரையும் இலையையும் மண்ணிலேயே விட்டால் மண்ணுக்கும் அந்தச் சத்து சேரும். நம் வீட்டு உளுந்து, பயறு, துவரை எல்லாம் இந்தக் குடும்பம்தான். மண்ணுக்கும் சத்து, சாப்பிடுபவருக்கும் சத்து!

சக்கரம் வைத்த பள்ளி

சோதனை வயலில் கண்டுபிடித்ததை விவசாயிக்கு எப்படிச் சொல்வது? கார்வர் எளிய சிறு கையேடுகளை எழுதினார். மொத்தம் 44. எப்படி விதைப்பது, எப்படிச் சமைப்பது, எப்படிக் கெடாமல் வைப்பது என்று எல்லாம் அவற்றில் இருந்தன. 1916இல் வந்த ஒரு கையேட்டில் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகள்!

ஆனால் அங்கே பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டஸ்கீகிக்கு வர நேரமும் இல்லை. அவர்களால் வர முடியாவிட்டால் நாம் போகலாமே என்று கார்வர் நினைத்தார். நியூயார்க்கைச் சேர்ந்த மோரிஸ் ஜெசப் என்ற செல்வந்தர் பண உதவி செய்தார். 1906இல் கால்நடை பூட்டிய ஒரு வண்டி புறப்பட்டது. அதன் பெயர் ஜெசப் வண்டி. அதில் கலப்பை, விதை, உரம், வெண்ணெய் கடையும் கருவி, பாலைச் சோதிக்கும் கருவி எல்லாம் இருந்தன. அந்த ஆண்டே தாமஸ் கேம்பெல் என்ற இளைஞர் அந்த வண்டியின் பொறுப்பை ஏற்றார். அவர் டஸ்கீகியில் படித்தவர்.

வண்டி ஒரு கிராமத்தில் நின்றதும் மக்கள் கூடுவார்கள். பேச்சு கொஞ்சம்தான், செய்து காட்டுவதுதான் அதிகம். எப்படி ஆழமாக உழுவது, எப்படி விதை போடுவது என்று அவர்கள் நிலத்திலேயே காட்டுவார்கள். முதல் கோடைக்காலத்தில் மாதத்துக்குச் சுமார் 2,000 பேர் அந்த வண்டியில் வந்த பாடத்தைப் பார்த்தார்கள். பிறகு அந்த வண்டிக்குப் பதிலாக மோட்டார் வண்டி வந்தது.

வண்டு வந்த பிறகு

1910ஆம் ஆண்டு வாக்கில் அலபாமாவுக்குள் ஒரு சின்ன வண்டு நுழைந்தது. நீளமான மூக்குள்ள கூன்வண்டு அது. பருத்தி மொட்டையும் காயையும் துளைத்து நாசம் செய்தது. பருத்தியை மட்டும் நம்பியவர்கள் தவித்தார்கள். அப்போது பலர் நிலக்கடலைக்கு மாறினார்கள். இந்த மாற்றத்துக்குப் பலர் உழைத்தார்கள். கார்வரும் அவர்களில் ஒருவர். என்டர்பிரைஸ் என்ற ஊரில் நிலக்கடலை நல்ல வருமானம் தந்தது. அந்த ஊர் மக்கள் 1919இல் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களை மாற வைத்த வண்டுக்கே ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள்!

சரி, இவ்வளவு கடலையை என்ன செய்வது? கார்வர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். பால், மாவு, எண்ணெய், சாயம், சோப்பு என்று நிலக்கடலையிலிருந்து 300க்கும் மேற்பட்ட பயன்களைக் காட்டினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து 100க்கும் மேல். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. அது அவருக்கு முன்பே இருந்தது.

1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் கடலையைப் பற்றிப் பேசப் போனார். அவருக்குக் கொடுத்த நேரம் 10 நிமிடம்தான். உறுப்பினர் ஒருவர் அவரைக் கேலியும் செய்தார். கார்வர் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினார். கேட்டவர்கள் மேலும் மேலும் நேரம் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. காந்தியடிகளோடும் அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. சத்துள்ள உணவு பற்றி அவருக்கு எழுதினார். புகழ் வந்தாலும் கார்வர் டஸ்கீகியை விட்டுப் போகவில்லை. தான் கண்டுபிடித்தவற்றில் மிகச் சிலவற்றுக்கே காப்புரிமை வாங்கினார். மற்றவற்றை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். தன் சேமிப்பையும் ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்.

1943ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி கார்வர் இறந்தார். அவருடைய கல்லறை டஸ்கீகியில், புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே ஆண்டு அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடம் ஆக்கியது. ஒரு கறுப்பின அமெரிக்கருக்கு அப்படி ஒரு சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை.

நிலம் இல்லாதவருக்குக் கார்வரால் நிலம் வாங்கித் தர முடியவில்லை. கடனையும் அடைக்க முடியவில்லை. ஆனால் வாசலில் ஒரு காய்கறிப் பாத்தி, காட்டு இலையில் உரம், பருத்திக்குப் பின் ஒரு பயறு என்று அவர்கள் கையால் செய்யக்கூடியதைச் சொல்லிக்கொடுத்தார். மரியா அம்மா சொன்னதை அவர் செய்து காட்டினார், இல்லையா?

பேசுவோம், செய்வோம்

1. பருத்தியை மட்டும் பயிரிட்டதால் மண்ணுக்கு என்ன ஆனது? மனிதர்களுக்கு என்ன ஆனது?
2. விவசாயிகளால் நினைத்தவுடன் வேறு பயிருக்கு மாற முடியவில்லை. ஏன்?
3. ஜெசப் வண்டியில் நீங்கள் போயிருந்தால் எந்தப் பொருளை எடுத்துப் போவீர்கள்? வகுப்பில் சொல்லுங்கள்.
4. வீட்டில் ஒரு தொட்டியில் பயறு விதையுங்கள். செடி வளர்ந்ததும் வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சுகள் தெரிகின்றனவா? படம் வரையுங்கள்.